உருகாமலே ஓடிய கிரானைட்

கேள்வி: பெரிய விண்கல் விழுந்த பள்ளங்களின் நடுவே குன்றுகளோ வளைய வடிவ மலைகளோ இருப்பதாகப் படித்தேன். மேலிருந்து அடி விழுந்தால் பாறை கீழே அழுந்தத்தானே வேண்டும்? அது எழுந்து வருவது எப்படி? உருகிப் பொங்கியதா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பாறை முதலில் அழுந்தவே செய்கிறது; அதன் பிறகுதான் எழுகிறது. மோதிய இடத்தை ஒட்டிய பாறை உருகுவதும் ஆவியாவதும் உண்மையே. ஆனால் நடுவில் எழும் மேட்டின் பெரும்பகுதி உருகவேயில்லை என்பதுதான் இதில் வியப்புக்குரிய செய்தி.

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் உள்ள சிக்சுலுப் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். டைனோசர்களின் அழிவோடு தொடர்புபடுத்தப்படும் பள்ளம் இது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், 10 கி.மீ.க்குக் குறையாத குறுக்களவு கொண்ட விண்கல் விழுந்தபோது முதலில் உண்டான குழி ஏறத்தாழ 30 கி.மீ. ஆழமும் 100 கி.மீ. அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அவ்வளவு ஆழமான குழியின் சுவர்களைத் தாங்கி நிறுத்தும் வலிமை எந்தப் பாறைக்கும் கிடையாது. எனவே சுவர்கள் உள்நோக்கிச் சரிய, அழுந்திக் கிடந்த அடித்தளம் மேல்நோக்கி உந்தப்பட்டு, தரைமட்டத்தையும் தாண்டிப் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து, அந்த உயரத்திலும் நிற்க முடியாமல் வெளிப்புறமாகச் சரிந்து பரவியது. அப்படிப் பரவியதன் எச்சமே பள்ளத்தினுள் இன்று காணப்படும் முகட்டு வளையம். இவ்வளவும் நடந்து முடியச் சில நிமிடங்களே ஆயின. நிலவியலில் இத்தகைய வேகம் வேறெங்கும் காணக் கிடைப்பது அரிது.

இந்த விளக்கம் நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாகவே இருந்தது. வளையத்தின் பாறை அதிக ஆழத்திலிருந்து வரவில்லை என்று கூறும் மாற்று விளக்கமும் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது 2016 ஏப்ரல், மே மாதங்களில் யுகட்டான் கடற்கரைக்கு அப்பால், ஜோவானா மார்கன், ஷான் குலிக் ஆகியோரின் தலைமையில் நடைபெற்ற ஆழ்துளைப் பணி. கடலடித் தரையிலிருந்து 1,335 மீட்டர் வரை துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளில், ஏறத்தாழ 750 மீட்டருக்குக் கீழே கிரானைட் தென்படத் தொடங்கியது. மோதலுக்கு முன் அந்தக் கிரானைட் ஏறக்குறைய 3 கி.மீ. தடிமனுள்ள சுண்ணாம்புக்கல் முதலிய படிவுப் பாறைகளுக்கு அடியில் கிடந்தது. வளையத்துக்கு வந்து சேர்ந்த பகுதியோ 8 முதல் 10 கி.மீ. ஆழத்தைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். நில அதிர்வு அலைகளைக் கொண்டு செய்த ஆய்வோ, வளையத்துக்கு அடியில் சரிந்து வந்த படிவுப் பாறைகள் கிடப்பதைக் காட்டுகிறது. அதாவது கீழே இருந்த மூத்த பாறை, மேலே இருந்த இளைய பாறையின் மீது ஏறி அமர்ந்திருக்கிறது.

அந்தக் கிரானைட்டும் சாதாரணக் கிரானைட்டாக இல்லை. உடைசல்களும் நுண்துளைகளும் நிறைந்து, அடர்த்தி குறைந்து காணப்பட்டது. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகங்களில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் தாக்கினால் மட்டுமே உண்டாகும் நுண்கோடுகள் இணையிணையாகப் பதிந்திருந்தன.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். உருகாத பாறை எப்படி ஓடும்? புவி இயற்பியலாளர் ஜே மெலோஷ் 1979இல் முன்வைத்த விளக்கம் இது: அதிர்ச்சி அலை கடந்துபோன பின்னும் நொறுங்கிய பாறைக்குள் கடுமையான அதிர்வுகள் எஞ்சியிருக்கின்றன; அவை பாறைத் துண்டுகளின் மீதுள்ள அழுத்தத்தைக் கணத்துக்குக் கணம் தளர்த்துவதால் உராய்வு குறைந்து, துண்டுகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கி நகர்கின்றன. படியில் அளந்த அரிசி, தட்டும்போது இறங்கி, தட்டுவதை நிறுத்தியதும் அசையாமல் நின்றுவிடுவதைப் போன்றது இது. அந்த நிற்றலும் ஓட்டத்தைப் போலவே முக்கியமானது. பாறை தன் வலிமையை மீண்டும் பெற்றிராவிட்டால், பள்ளத் தரையைவிடச் சில நூறு மீட்டர் உயர்ந்த வளையம் நிலைத்திருக்க முடியாது. சிக்சுலுப் தண்டுகளிலும் இந்த வரிசையே தெரிகிறது: முதலில் பொடிந்த பாறைப் பட்டைகள் உண்டாகியிருக்கின்றன, பிற்பாடு, பாறை இறுகத் தொடங்கியபோது, வழுக்கிய தடங்கள் பதிந்த பிளவுகள் அவற்றை வெட்டிச் சென்றிருக்கின்றன.

துளையிடாமல் நேரில் பார்க்க விரும்புவோருக்குத் தென்னாப்பிரிக்காவின் விரெடஃபோர்ட் இருக்கிறது. சுமார் 202 கோடி ஆண்டுகள் பழைமையான அந்தப் பள்ளத்தின் மேற்பகுதி பல கிலோமீட்டர் அரிக்கப்பட்டுவிட்டதால், எழுந்த பகுதியின் அடிப்பாகமே இன்று தரையாகியிருக்கிறது. நடுவில் பழைய கிரானைட்டும், அதைச் சுற்றிச் செங்குத்தாக நிமிர்ந்தும் சில இடங்களில் தலைகீழாகக் கவிழ்ந்தும் நிற்கும் படிவுப் பாறை அடுக்குகளும் உள்ளன.

கேள்வி: அப்படியானால் மகாராஷ்டிரத்து லோனார் ஏரியின் நடுவில் ஏன் குன்று இல்லை? – ஒரு வாசகி, சேலம்

பதில்: லோனாரும் விண்கல் விழுந்த பள்ளம்தான்; ஆனால் சிறியது, அதன் குறுக்களவு 1.8 கி.மீ. மட்டுமே. அந்த அளவுக் குழியைப் பாறையின் வலிமையே தாங்கிக்கொள்கிறது. பூமியில் படிவுப் பாறையில் ஏறத்தாழ 2 கி.மீ., கடினமான படிகப் பாறையில் 4 கி.மீ. என்ற அளவைத் தாண்டினால்தான் ஈர்ப்பு விசை வென்று நடுப்பகுதி எழத் தொடங்கும். நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், அங்கே இந்த வரம்பு 15 கி.மீ.க்கு மேல் செல்கிறது.