என்ஜின் தட்டுதா? எப்போ தட்டுதுன்னு சொல்லுங்க

கே: 2001 ஹோண்டா சிட்டி விடெக். மேல்பக்கம் விடாம 'டிக் டிக்'. ராட் (பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கிற கம்பி) போயிடுச்சா சார்?

ப: பயப்படாதீங்க, பெரும்பாலும் டேப்பட்தான், அதாவது வால்வைத் திறக்கிற பாகம். இந்த என்ஜினில் ஸ்க்ரூவைத் திருகித்தான் அதுக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி வைக்கணும். என்ஜின் நல்லா ஆறினதும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

கே: ஃபியட் பாலியோ 1.6. ஏற்காடு ஏத்தத்தில் நாலாவது கியரில் மிதிச்சா 'கிரிகிரி'ங்குது. 100 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா?

ப: முதல்ல மூணாவதுக்கு மாத்துங்க! இப்போ பங்க்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலே 95 ஆக்டேன் (இந்த எண் கூடினா தட்டுறது குறையும்). அதிலும் கிரிகிரின்னா காசைப் பெட்ரோலில் கொட்டாதீங்க. பிஸ்டன் தலையில் கார்பன், தப்பான ஹீட் ரேஞ்ச் (சூட்டை வெளியேத்துற திறன்) உள்ள பிளக், அடைச்ச இன்ஜெக்டர்னு வரிசையா பாருங்க. முழுசா மிதிக்கும்போது பழைய இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் கேட்காது. எத்தனாலும் சேர்ந்தா கலவை இன்னும் வறண்டு, அதாவது பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடி, தட்டும்.

கே: ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ. சூடானதும் அடியில் 'டொக் டொக்'. 2,500 ஆர்பிஎம்மில் காலை எடுத்தா கூடுது. டேப்பட்னு சொல்றாங்க.

ப: இனி ஓட்டாதீங்க. டேப்பட் சத்தம் மேலே கேட்கும், கிராங்க் வேகத்தில் பாதிக்குத்தான் தட்டும். நீங்க சொல்றது பிக் எண்ட் பேரிங் (ராட் கிராங்க்கோடு சேர்ற இடத்து பேரிங்) மாதிரி இருக்கு. ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டரா, பிளக்குக்கு மின்சாரம் தர்ற காயில் கனெக்டரைக் கழட்டுங்க. எதைக் கழட்டினா சத்தம் அமுங்குதோ அந்த ராட்தான். சில விநாடிக்கு மேல் வேண்டாம், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தின்னுடும். அடுத்து, பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை விரிச்சு வெயிலில் காட்டுங்க. வெள்ளி மினுக்கம் இருந்தா பேரிங் மேல்பூச்சு உரியுது. செம்பு நிறம் தெரிஞ்சா அதுக்கும் கீழே தேய்ஞ்சாச்சு. பழைய 1.8 டர்போவில் ஆயில் கட்டியாகி சம்ப்புக்குள்ள (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கிற, ஆயிலை உறிஞ்சுற பிக்கப் வலையை அடைக்கும். அதனால சம்ப்பைக் கழட்டாம புது பேரிங் போட்டா அதுவும் போயிடும். ஆயில் லைட்டையும் நம்பாதீங்க, அது எரியறதுக்குள்ள காரியம் முடிஞ்சிருக்கும். மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூட்டில் பிரஷர் பாருங்க.

கே: ஆக்டேவியாக்காரர் சொன்ன அதே சத்தம்தான் எனக்கும். கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊத்தினதும் அடங்கிடுச்சு, ஓட்டலாமா?

ப: வண்டியை விக்கிறவர் பண்ற வேலை அது. கெட்டி ஆயில் சத்தத்தை மறைக்குது, பேரிங் தேய்ஞ்ச இடைவெளி அப்படியேதான் இருக்கு. ஓட்டாதீங்க.

கே: லான்சர் 1.5. காலையில் மந்தமா தட்டும், அஞ்சு நிமிஷத்தில் போயிடும்.

ப: பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுற சத்தம். சூட்டில் பிஸ்டன் விரிஞ்சதும் நின்னுடும். தாராளமா ஓட்டுங்க. ஆயில் குறையுதான்னு மட்டும் டிப்ஸ்டிக்கை அப்பப்போ இழுத்துப் பாருங்க.