நாடகப் படிப்பில் சேருமுன் ஒரு நாடகத்தை முழுதாகப் படிக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. மகள் நாடகக் கலையில் பட்டம் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. பாடத்திட்டத்தைப் பார்த்தால் முதல் ஆண்டில் நாடக வகைகள், பாணிகள், கட்டமைப்பு என்று ஒரே கோட்பாடாக இருக்கிறது, "நான் நடிக்கத்தானே போறேன், இதெல்லாம் எதுக்கு?" என்று அவளே முகம் சுளிக்கிறாள் என்பது மற்றொன்று. நீங்கள் முதல் கவலையைத்தான் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தப் படிப்பு அவளுக்குச் சரிப்பட்டு வருமா என்பது அங்கேதான் தெரியும். வருமானத்துக்கான பதிலும் அதை ஒட்டியே வருகிறது.

1904-இல் மாஸ்கோ கலை அரங்கம் ரஷ்ய நாடகாசிரியர் செக்காவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை மேடையேற்றியது. கடனில் மூழ்கிய குடும்பம் ஒன்று தன் தோட்டத்தை ஏலத்தில் இழக்கும் கதை. செக்காவ் அதை இன்பியல் நாடகம் என்றே எழுதியிருந்தார். இயக்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கோ அது கண்ணீர்க் கதையாகத் தெரிந்தது. 12 நிமிடத்தில் முடிய வேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிடம் இழுக்கிறார்கள் என்று செக்காவ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் வருத்தப்பட்டார். இது எந்த வகை நாடகம் என்ற முடிவு மாறியது. அதனால் நடிகர் வசனத்துக்கு நடுவே விடும் இடைவெளி மாறியது, நடை மாறியது, நேரம் மாறியது.

நாடக வகை என்பது பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் இல்லை என்பதை மகளுக்கு இந்த ஒரு சம்பவத்தை வைத்தே விளக்கலாம். ஒத்திகையின் முதல் நாள் எல்லாரும் உட்கார்ந்து பிரதியைப் படிக்கும்போது எழும் முதல் கேள்வியே அதுதான். நாயகன் தானே எடுத்த முடிவால் தன் வீழ்ச்சிக்கு வழி செய்துகொள்கிறானா? அப்படியானால் துன்பியல். குழப்பமெல்லாம் தீர்ந்து பிரிந்தவர்கள் ஒன்று சேர்கிறார்களா? இன்பியல். நல்லவரும் கெட்டவரும் முதல் காட்சியிலேயே பிரித்துக் காட்டப்பட்டு, இசை உணர்ச்சியைத் தூக்கிக் கொடுத்தால் மெலோடிராமா. ஆள்மாறாட்டம், ஒளிவு மறைவு, தலைதெறிக்கும் வேகம் என்றால் கேலிநாடகம். இந்தக் கடைசி வகை எளிதாகத் தோன்றும். ஆனால் அரை நொடி பிந்தினாலும் சிரிப்பு வராது என்பதால் நடிகருக்கு மிகக் கடினமானதும் அதுதான்.

நம்மவர்களும் இதை நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் (உணர்ச்சி வெளிப்பாடுகளைச்) சொல்கிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு இந்த எட்டில் எது மேலோங்கி நிற்கிறது, எந்த இடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்று குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடிக்க விரும்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது கட்டமைப்பு. பாடத்திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகளைச் சொன்னார்: கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, சொல்நடை, இசை, காட்சி. கதைப்பின்னலை முதலில் வைத்தார், கண்ணைக் கவரும் காட்சியைக் கடைசியில் வைத்தார். கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிசின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் அதற்கான காரணம் தெரியும். முந்தைய மன்னனின் கொலை நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நாடகம் தொடங்கும்போது கொலையாளியைத் தேடும் வேலை மட்டுமே மிச்சம். ஒரு காட்சியை உருவினால் அடுத்தது நிற்காது. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து பிறக்கிறது. இதற்கு நேர் எதிர் ஷேக்ஸ்பியரின் 'ஆண்டனியும் கிளியோபாட்ராவும்'. 40-க்கும் மேற்பட்ட காட்சிகள், ரோமுக்கும் எகிப்துக்கும் மாறி மாறிப் பாயும் கதை, ஒரு கூட்டம் பாத்திரங்கள். முன்னதற்கு ஒரே அரங்க அமைப்பு போதும், ஆனால் நாயகனாக நடிப்பவர் பெரும்பாலான நேரம் மேடையிலேயே இருக்க வேண்டும். பின்னதற்கு நொடியில் மாறும் ஒளியும், உடை மாற்ற ஆட்களும், எந்த கியூ (நடிகருக்கோ விளக்குக்கோ தரும் சைகை) எப்போது என்று குறித்து வைத்த பிராம்ப்ட் புக்கோடு ஓர் அரங்க மேலாளரும் வேண்டும். பிரதியின் கட்டமைப்பைப் படிக்கத் தெரிந்தவரால்தான் எத்தனை பேர், எவ்வளவு செலவு, எத்தனை நாள் ஒத்திகை என்று முன்கூட்டியே சொல்ல முடியும். அந்தத் திறமைக்குத்தான் சம்பளம்.

பாடப்புத்தகத்தில் ஒரு முக்கோணப் படம் வரும். ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தவ் ஃப்ரைடாக் 1863-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது: அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. நல்ல கருவிதான். ஆனால் உலகத்து நாடகம் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கும் ஆசிரியரிடம் மகள் எச்சரிக்கையாக இருக்கட்டும். 1953-இல் பாரிசில் முதலில் மேடையேறிய, ஐரிஷ் எழுத்தாளர் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டாம் அங்கம் முதல் அங்கத்தையே சற்று மாற்றித் திரும்ப நடத்துகிறது, எதிர்பார்த்தவர் வருவதே இல்லை. அதேபோல, மூன்று ஒருமைகளையும் (ஒரே செயல், ஒரே நாள், ஒரே இடம்) அரிஸ்டாட்டில் விதித்தார் என்று பலரும் எழுதுவார்கள். அவர் வற்புறுத்தியது செயலின் ஒருமையை. இட ஒருமையை விதியாக்கியவர் 1570-இல் எழுதிய இத்தாலியர் காஸ்தல்வெத்ரோ.

முடிவு ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1879-இல் வந்த, நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம், நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துவதோடு முடிகிறது. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு யாராவது மாற்றி எழுதிவிடுவார்களோ என்று இப்சன் தானே மனமில்லாமல் நோரா தங்கிவிடுவதாக ஒரு முடிவை எழுதிக்கொடுத்தார். ஒரு பக்கம்கூட வராத அந்த மாற்றம், முந்தைய மூன்று அங்கங்களும் எழுப்பிய கேள்வியை அணைத்துவிடுகிறது.

பாணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை மேடையில் பார்த்துத்தான் கற்க முடியும். வாழ்க்கையை அப்படியே மேடையில் காட்டும் இயல்பியல் பாணியில் ஊறிய இயக்குநர் ஆந்த்ரே ஆந்த்வான் 1888-இல் பாரிஸ் மேடையில் உண்மையான இறைச்சித் துண்டங்களையே தொங்கவிட்டார். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டோ விளக்குகளை மறைக்காமல் வைத்தார், அடுத்து நடக்கப் போவதை எழுதிக் காட்டினார். பார்வையாளர் கதையில் கரைந்துவிடாமல் யோசிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். இரண்டு பாணிக்கும் நடிப்பு வேறு, உடை வேறு, ஒளி வேறு. ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் திணறுவது சாதாரணமாக நடப்பதுதான்.

இனி வருமானம். நடிப்பை மட்டும் நம்பினால் வருமானம் சீராக இருக்காது. வேலை வரும், போகும். இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை. ஆனால் நாடகம் படித்தவர்கள் அரங்க மேலாண்மை, ஒளியமைப்பு, ஆடை வடிவமைப்பு, பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணி, திரைக்கும் தொடருக்கும் கதை எழுதுதல், பிரதியைச் செம்மைப்படுத்துதல் என்று பல பக்கம் போகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தகுதி, ஒரு பிரதியைப் பிரித்துப் படிக்கத் தெரிவது. அதனால்தான் முதல் ஆண்டுப் பாடத்தை வெறுப்பவளுக்கு இந்தப் படிப்பைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம். நடிப்போடு மேடைக்குப் பின்னால் செய்யும் ஒரு வேலையையும் முதல் ஆண்டிலிருந்தே கைப்பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்ப்பில்லாத மாதங்களில் கைகொடுப்பது அதுதான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஓர் ஆண்டில் மாணவர்கள் எத்தனை முழு நாடகங்கள் போடுகிறார்கள், நடிக்காத மாணவரும் ஒளி, ஒலி, மேடைப் பொருட்கள் என்று கட்டாயம் வேலை செய்ய வேண்டுமா, வகுப்பில் நாடகங்களை முழுதாகப் படிக்கிறார்களா, அல்லது கதைச் சுருக்கம் மட்டும்தானா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் மகள் ஒரு வேலை செய்யட்டும். நான் சொன்னவற்றில் ஏதாவது ஒரு நாடகத்தை மொழிபெயர்ப்பிலோ மூலத்திலோ முழுதாகப் படிக்கட்டும். பிறகு இன்னொரு முறை பென்சிலோடு உட்கார்ந்து, யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், முடிச்சு எங்கே விழுகிறது, எந்தக் கட்டத்துக்குப் பிறகு திரும்பிப் போக முடியாது என்று ஓரத்தில் குறிக்கட்டும். அவள் நடிக்க விரும்பும் பாத்திரத்தை மட்டும் புரட்டிவிட்டு மூடிவைத்தால், பட்டப்படிப்புக்குப் பணம் கட்டுமுன் ஒரு குறுகிய நடிப்புப் பயிற்சியில் சேர்த்துப் பாருங்கள். தனக்கு வசனமே இல்லாத காட்சிகளைப் பற்றியும் உங்களிடம் பேச வந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் குறிப்புகளோடு அவளை என்னிடம் அனுப்புங்கள், எந்தப் பிரிவில் சேரலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.