சாமிக்குச் சாத்துவதும் சண்டைக்குப் போடுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய கணினி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். கதை 2190இல் நடக்கிறது. கடல் ஏறி, வேதாரண்யத்திலிருந்து திருவாரூர் வரை உப்புநீர். ஆட்டக்காரர் ஒரு மீட்புப் படகின் தலைவர். கூட வருபவர்கள் மூன்று பேர்: கயல் என்ற மருத்துவர், மாணிக்கம் என்ற வயதான பம்ப் மெக்கானிக், ஒரு நாட்டு நாய். எதிரிகளிடம் துப்பாக்கிகளும் குண்டு போடும் டிரோன்களும் உண்டு. கடைசி அத்தியாயம் மட்டும் விண்வெளி நிலையத்தில், காற்றில்லாத இடத்தில்.

கயலின் கவசத்தில்தான் தகராறு. வரைகிற நண்பன் மார்பு வடிவம் தெரிய, உடம்போடு ஒட்டின உலோகக் கவசம் போட்டிருக்கிறான். "எல்லா கேம்லயும் இப்படித்தான் இருக்கு" என்று மாஸ் எஃபெக்ட் 2ஐக் காட்டுகிறான். எனக்கு உறுத்துகிறது. எது தப்பு என்று எடுத்துச் சொல்ல வரவில்லை. நிஜக் கவசம் எப்படி இருக்கும்? அதை அனிமேஷனில் கொண்டுவர முடியுமா?

ந., மன்னார்குடி

அன்புள்ள ந.,

உங்கள் நண்பர் வரைந்ததும் கவசம்தான், சாமிக்குச் சாத்துகிற கவசம். விசேஷ நாளில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைப் பாருங்கள். தோள், மார்பு, இடை என்று சிலையின் வளைவை அப்படியே பிடித்திருக்கும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூலவர் குனிவதில்லை, ஓடுவதில்லை, அவருக்கு வியர்ப்பதும் இல்லை. (சிக்கல் சிங்காரவேலருக்கு வியர்க்கும் என்பார்கள், அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) கயல் குனிய வேண்டும், படகில் ஏற வேண்டும், அடிபட்டவர் பக்கத்தில் மண்டியிட வேண்டும். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

மாஸ் எஃபெக்ட் 2 (2010) நல்ல சாட்சி இல்லை என்று நண்பரிடம் சொல்லுங்கள். அதில் ஜாக் போன்ற தோழர்கள் காற்றில்லாத இடத்திலும் மேல்தோல் தெரிய, முகத்தில் ஒரு மூச்சுக்கருவி மட்டும் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அதே தொடரின் 2007ஆம் ஆண்டு முதல் விளையாட்டில் தோழர்களுக்கும் நாயகருக்குப் போலவே முழு உடுப்பும் தலைக்கவசமும் இருந்தன. அழகு போய்விடும் என்று நண்பர் பயந்தால், அதே தொடரின் டாலியைக் காட்டுங்கள். நோய் எதிர்ப்பு குறைந்த இனம், உடுப்புக்குள்ளேயே வாழ்க்கை, முகம் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத்தான் தெரியும். ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரங்களில் அவளும் ஒருத்தி.

மார்பு வடிவத் தகட்டில் என்ன தப்பு? நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. மேலே பட்டுச் சறுக்குகிற எதுவும் அந்தப் பள்ளத்துக்கு, அதாவது நேரே நெஞ்செலும்புக்கு வரும். ஐரோப்பியத் தட்டுக்கவசக்காரர்கள் இதற்கு நேர்மாறாக நெஞ்சின் நடுவே ஒரு முகடு எழுப்பினார்கள், அடி இரண்டு பக்கமும் சறுக்கிப் போகட்டும் என்று. இரண்டாவது தப்பு, ஒட்டி இருப்பது. தோட்டா துளைக்காவிட்டாலும் தகட்டின் பின்பக்கம் உள்ளே பிதுங்கும். அமெரிக்காவின் என்ஐஜே (தேசிய நீதி நிறுவனம்) தரச் சோதனையில், கவசத்துக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் 44 மி.மீ. ஆழம் வரை குழி விழுவதை அனுமதிக்கிறார்கள். தோலோடு ஒட்டின தகடென்றால் அந்தப் பிதுக்கம் விலா எலும்பில் இறங்கும். ஆகவே உள்ளே மெத்தை வேண்டும். மெத்தை வந்தாலே உடல் வளைவு வெளியே தெரியாது. நிஜத்தில் பெண்களுக்கான கவசமும் வெளிப்பார்வைக்கு ஆண்களுடையது போலத்தான் இருக்கும். தோள்பட்டை வாரின் நீளம், அக்குள் வெட்டு, இடுப்பு உயரம், மென்கவசத்தின் தையல் ஆகியவற்றில்தான் வித்தியாசம்.

சரி, உடம்பு முழுக்கத் தகடு போட்டுவிடலாமே என்று மாணிக்கம் கேட்பார். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ரைஃபிள் தோட்டாவைத் தடுக்கும் நெஞ்சுத் தகடு சுமார் 24 க்கு 32 செ.மீ.; மேல்மூலைகளை வெட்டிவிட்டால் பரப்பு ஏறக்குறைய 700 சதுர செ.மீ. முன்பக்கம் 8 மி.மீ. போரான் கார்பைடு என்ற பீங்கான், அடர்த்தி கன செ.மீ.க்கு 2.52 கிராம், எடை 1.4 கிலோ. பின்னால் 10 மி.மீ. பாலிஎத்திலீன் நார்ப்பலகை, அடர்த்தி 0.97, எடை 0.7 கிலோ. மொத்தம் 2.1 கிலோ, சதுர செ.மீ.க்கு 3 கிராம். கயலின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று வைத்தால், முழுக்க மூட 48 கிலோ ஆகும். அவள் உடல் எடையே அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். நம் நாட்டில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் சேர்ந்து 2024இல் அறிவித்த 'அபேத்' ஜாக்கெட்டும் பாலிமரும் போரான் கார்பைடும்தான். பாதுகாப்பு அளவைப் பொறுத்து அதன் எடை 8.2 கிலோ, 9.5 கிலோ. 2190இல் பொருள் பாதி எடைக்கு வந்துவிட்டது என்று வைத்தாலும் உடம்பு முழுக்க மூட 24 கிலோ. அப்போதும் எதை மூடுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

எதை மூடுவது? இதயமும் பெரிய ரத்தக் குழாய்களும்தான். தகட்டின் மேல்விளிம்பு கழுத்தெலும்புகள் சேரும் குழிக்கு நேராக நிற்கட்டும். கீழ்விளிம்பு தொப்புளுக்கு இரண்டு மூன்று விரல் மேலே நின்றுவிடட்டும். அதற்குக் கீழே தகடு இறங்கினால் கயலால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் தகடு தொடையில் முட்டி மேலே ஏறி, தொண்டையில் இடிக்கும். உங்கள் படத்தில் நடக்கப்போவது இதுதான், படகுப் பலகையில் அவளை ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே சிறிய தகடு, 15 செ.மீ. சதுரம் போதும். வயிறு, தோள், கழுத்துப் பட்டை, தொடையின் மேல்பகுதி எல்லாம் துணிபோல மடங்கும் மென்கவசம். அது ரைஃபிள் தோட்டாவைத் தடுக்காது, டிரோன் குண்டின் சிதறலைத் தடுக்கும். உங்கள் கதையில் சிதறல்தான் அதிகம் வரும் என்பதால் மென்கவசப் பரப்பைத் தாராளமாகவே வைக்கலாம்.

முதுகின் கீழ்ப்பகுதிக்கு அடுக்குத் தகடு வேண்டுமென்றால் இணையத்தில் படம் தேடாதீர்கள். மீன் கடையில் ஒரு புலி இறால் வாங்கி, தலையைக் கிள்ளாமல் கையில் பிடித்து மெல்ல மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டின் பின்விளிம்பும் அடுத்த ஓட்டின் முன்விளிம்பை மூடியிருக்கும். நீட்டும்போது ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். சுருட்டும்போது முதுகுப் பக்கம் ஓடுகள் விலகும், இடையில் கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு புள்ளியில்தான் மூட்டு. பக்கவாட்டில் வளைக்கப் பாருங்கள், வளையாது. மனித முதுகு பக்கவாட்டிலும் வளையும், திரும்பவும் செய்யும். அதனால் ஆணி மூட்டுக்குப் பதில் தோல்வாரில் கோத்த தகடுகளாகப் போடுங்கள். எவ்வளவு மூடவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு தகடு 15 பாகை மடங்குகிறது, மடங்கும் அச்சிலிருந்து முதுகு 12 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால் விளிம்பு சுமார் 3 செ.மீ. விலகும். ஒன்றின்மேல் ஒன்று 4 செ.மீ. ஏறியிருந்தால் இடைவெளி தெரியாது. இரண்டே செ.மீ. வைத்தால் கயல் குனியும்போதெல்லாம் முதுகில் கோடு கோடாக உள்ளுடுப்பு தெரியும். அதைப் பார்த்துவிட்டு க்ளிப்பிங் (ஒரு வடிவம் இன்னொன்றைத் துளைத்துத் தெரிவது) பிரச்சினை என்று ரிக்கை, அதாவது உடம்பை அசைக்கும் எலும்புக்கூட்டைத் திருத்த உட்கார்வீர்கள். தப்பு மாடலில் இருக்கும்.

இனி அனிமேஷன். கெட்டியான தகடு எதுவும் ரப்பர் மாதிரி வளையக்கூடாது. நெஞ்சுத் தகட்டின் எல்லாப் புள்ளிகளுக்கும் மேல்மார்பு எலும்பு ஒன்றுக்கே 100 சதவீத வெயிட் (எலும்பின் அசைவை எவ்வளவு பின்பற்றுவது என்ற பங்கு) கொடுங்கள். உள்ளுடுப்பும் வார்களும் மட்டும் வழக்கமான ஸ்கின்னிங்கில், பல எலும்புகளோடும் சேர்ந்து வளையட்டும். வாருக்குத் தனியாக வெயிட் தீட்ட வேண்டாம், கீழே உள்ள உடுப்பிலிருந்து அப்படியே நகலெடுத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். தோள்தகடு எல்லோரையும் படுத்துகிற இடம். மேற்கை எலும்பில் முழுசாகக் கட்டினால் கையைத் தூக்கும்போது தகடு காதில் ஏறும். காரை எலும்பில் கட்டினால் கை தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். காரை எலும்பின் கீழே ஓர் உதவி எலும்பு சேர்த்து, மேற்கையின் சுழற்சியில் பாதியை மட்டும் அது வாங்கும்படி செய்யுங்கள். முழங்கால் மூடிக்கும் இதே பாதிக் கணக்குத்தான். கயலும் நாயகரும் ஒரே அனிமேஷன் தொகுப்பைப் பகிர்ந்துகொண்டால் இன்னொரு சிக்கல் உண்டு: துப்பாக்கிக் கட்டை தோளில் பதியும் இடத்தில் தகடு இருக்கக்கூடாது. மேல்மூலைகளை வெட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

வெப்பம். சித்திரை வெயிலில், உப்புக்காற்றில் மூடின உடுப்பு போட்டு வேலை செய்பவர் 400 வாட் வெப்பம் விடுகிறார் என்று வைப்போம். திறந்த உடம்பென்றால் மணிக்கு 600 மி.லி. வியர்வை ஆவியானால் அது போய்விடும். உடுப்புக்குள் வியர்வை ஆவியாகாது, வழியத்தான் செய்யும். பனிக்கட்டியால் குளிர்விப்பதென்றால் மணிக்கு 4.3 கிலோ கரையும், சுமக்க முடியாது. சின்ன கம்ப்ரஸர் வைத்தால் சுமார் 130 வாட் மின்சாரம். இரண்டு மணி நேரத்துக்கு இன்றைய லித்தியம் பேட்டரியே ஒன்றரை கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆகவே கயலின் முதுகில் ஒரு பெட்டி, உடம்பைச் சுற்றி நீர்க்குழாய் ஓடும் உள்ளுடுப்பு. மாணிக்கம் பம்ப் மெக்கானிக் என்பதால் எல்லோருடைய குளிர்பெட்டியும் அவர் கையில்தான் இருக்கும் என்று வைத்தால் உரையாடலுக்கும் விஷயம் கிடைக்கும்.

தண்ணீர். கவசம் போட்டால் கல்லாக மூழ்குவாள் என்று எழுதிவிடாதீர்கள். மேலே சொன்ன தகட்டை நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என்று போட்டாலும் நீருக்குள் இழுப்பது 1.7 கிலோதான், ஏனென்றால் பாலிஎத்திலீன் மிதக்கும். வழக்கமான மிதவை உடுப்பு 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ தூக்கும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 7 லிட்டர் நுரை. அதையே தகட்டின் பின்னால் மெத்தையாகப் போட்டுவிடலாம். கயல் கொஞ்சம் தடியாகத் தெரிவாள், தெரியட்டும். தோளில் ஒரே இழுப்பில் எல்லாம் கழன்று விழும் சிவப்புக் கயிறு ஒன்று கட்டாயம். வெல்க்ரோ வேண்டாம், வண்டல் சேறு புகுந்தால் ஒட்டாது, கொக்கிகளே போடுங்கள். மென்கவசம் நெய்யும் கெவ்லார் நார் நனைந்தால் தடுக்கும் திறன் குறையும், அதனால் மென்கவசம் நீர்புகாத உறைக்குள் இருக்கவேண்டும். பூட்ஸை மேலே வரை இறுக்கிக் கட்டுங்கள், நம் ஊர்ச் சேற்றில் தளர்ந்த பூட்ஸ் காலோடு வராது.

தேய்மானத்தில் எல்லா விளையாட்டும் செய்கிற தப்பு, விளிம்பில் பெயின்ட் உரிந்து பளபளக்கும் உலோகம். இங்கே வெளியே தெரிவது துணி. தோட்டா பட்டால் துணியில் ஓட்டை, உள்ளே பீங்கான் நொறுங்கின தூள். வெளியே நசுங்காது. அதே இடத்தில் இரண்டாவது தோட்டா பட்டால் தகடு தாங்காமல் போகலாம். விளையாட்டு விதியாகவே இதை வைக்கலாமே.

கடைசி அத்தியாயத்தில் மூச்சுக்கருவி மட்டும் மாட்டின கயல் கூடவே கூடாது. இன்றைய விண்வெளி நடை உடுப்பின் உள்ளழுத்தம் சுமார் 29.6 கிலோபாஸ்கல். 30 செ.மீ. விட்டமுள்ள கழுத்து வளையத்தில் அது தலைக்கவசத்தை 200 கிலோவுக்கு மேல் எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளும். அதனால் கழுத்தில் கனமான பூட்டு வளையம் வரும், அக்குள் வழியாக இறங்கும் இழுப்பு வார்களும் வரும். நெஞ்சுத் தகடு அந்த வளையத்துக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டுத் தொடங்கட்டும். முகம் தெரியவேண்டும் என்பது உங்கள் கவலை என்றால், கண்ணாடிக்குள் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கல் விளக்கு வையுங்கள். நிஜத்தில் அது பார்வையைக் கெடுக்கும், வசனக் காட்சியில் மட்டும் எரியட்டும். தலைமுடி மெஷ்ஷைத் தலைக்கவசம் போடும்போது மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும்.

நாயைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் நண்பர் அதற்கும் தலைக்கவசம் மாட்டிவிடுவார் என்று தோன்றுகிறது. நாய் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான். வாயை மூடாதீர்கள். நெஞ்சுக்கும் இரண்டு விலாவுக்கும் மென்கவசம், வயிறு திறந்து, முதுகில் தூக்கிப் படகில் ஏற்ற ஒரு கைப்பிடி. விண்வெளி நிலையத்துக்கு அதைக் கூட்டிப்போக வேண்டுமா என்பதை நீங்கள் மூவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை அனுப்பும்போது கயல் கையை விரித்து நிற்கும் டி-போஸ் வேண்டாம். ஒரு முழங்காலில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கின மாதிரி ஒரு படம், பக்கவாட்டிலிருந்து.

அன்புடன்,
ஆசிரியர்