பழைய 16 எம்எம் ஃபிலிம் புரொஜெக்டர் கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும், எப்படிப் பராமரிப்பது?

முதல் வேலை, பிளக்கைச் செருகாமல் இருப்பது. கை துறுதுறுக்கும். இருந்தாலும் ஒரு வாரத்துக்கு அந்த வயரைச் சுருட்டிக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

என் சித்தப்பா தஞ்சாவூர்ப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். எனக்கு இந்த ஆசை ஒட்டிக்கொண்டது அவரிடமிருந்துதான். ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, 16 எம்எம் புரொஜெக்டர் ஒன்றை இரண்டு ரீலோடு சேர்த்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்த அரைமணி நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். ஒரு உறுமல், பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் பல்சக்கரம் விண்டு கிடந்தது. வருஷக்கணக்கில் ஓடாமல் இருந்ததில் உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது. மோட்டார் சுற்றப் பார்த்திருக்கிறது, அச்சு அசையவில்லை, நடுவில் இருந்த சக்கரம் உடைந்துவிட்டது. போனில் சொன்னபோது சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "கையால சுத்திப் பாத்தியாடா?"

நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் கையால் சுற்றுவதற்கென்றே ஒரு குமிழ் இருக்கும். ஃபிலிம் இல்லாமல், மெதுவாக, முன்பக்கமாக மட்டும் சுற்றுங்கள். லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் வெளிச்சத்தின் முன் நின்று போகும் இடுக்கைக் கேட் என்பார்கள். அந்தக் கேட்டுக்குள் சின்ன நகம் போன்ற ஒரு கொக்கி வெளியே வந்து, கீழே இறங்கி, உள்ளே போய், திரும்ப மேலே வரும். ஃபிலிமை ஒவ்வொரு படக்கட்டமாக இழுப்பது அதுதான். சுற்றும்போது இறுக்கமாக இருந்தால் பலம் கொடுக்காதீர்கள். மூடியைக் கழற்றி, பழைய கிரீஸை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். பல்சக்கரங்களுக்குப் புது வெள்ளை கிரீஸ், அச்சு சுழலும் இடத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, அது நாளடைவில் பிசினாகிவிடும். ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகியிருந்தால் அந்தப் பிசுக்கை முழுதும் துடைத்த பிறகே புது பெல்ட் போடுங்கள்.

அடுத்தது கரண்ட். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் வீட்டுக் கரண்டில் மாட்டக் கூடாது. 60 சைக்கிளை (ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை முறை திசை மாறி வருகிறது என்ற கணக்கு) நம்பி ஓடும் மோட்டாராக இருந்தால், நம்முடைய 50 சைக்கிளில் விநாடிக்கு 24 கட்டம் போக வேண்டியது 20 ஆகக் குறையும், குரல் கனத்து இழுக்கும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வழியாக, 100 வாட் குண்டு பல்பை நடுவில் வைத்துக் கொடுங்கள். புரொஜெக்டர் பல்பைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இனி கேட். நான் அதிகம் வருந்தியது இதில்தான். சக்கரத்தை மாற்றிய பிறகு, வந்த இரண்டு ரீலில் ஒன்றை ஆசையாக ஓட்டினேன். நாற்று நடவு பற்றிய கறுப்பு வெள்ளைச் செய்திப்படம். சேற்றில் குனிந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கும் காட்சி, அவள் முகத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. ரீலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், கோடு ஃபிலிமிலேயே விழுந்திருந்தது. கேட்டைத் திறந்து டார்ச் அடித்தால், ஃபிலிம் சறுக்கிப் போகும் பட்டையில் ஊசிமுனை அளவில் பழுப்பாக ஒரு பொட்டு. பழைய ஃபிலிமிலிருந்து உரிந்த எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சு, காய்ந்து கல்லாகியிருந்தது. அந்த ஒரு பொட்டு 400 அடி ரீலை, அதாவது 11 நிமிஷப் படத்தை, தொடக்கம் முதல் கடைசிவரை கீறிவிட்டது. பல்சக்கரத்துக்கு மாற்று கிடைத்தது. அந்த ரீலுக்கு எங்கே போவது?

அதனால் ஒவ்வொரு ரீலுக்கு முன்பும் கேட்டைத் துடையுங்கள். பஞ்சு, ஆல்கஹால், ஒட்டியிருப்பதைப் பெயர்க்க மூங்கில் குச்சி. கத்தி, ஸ்குரூடிரைவர் எதுவும் அருகில் வரக் கூடாது.

ரீலைத் திறந்தவுடன் மோந்து பாருங்கள். காடி நெடி அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அந்த ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதைத் தனியாக வையுங்கள், அந்த ஆவி பட்டால் பக்கத்து ரீலும் வேகமாகக் கெடும். சுருங்கிய ஃபிலிமை மெஷினில் போட்டால் ஓரத்து ஓட்டைகள் கிழியும். இன்னொன்று, சத்தம் உள்ள 16 எம்எம் ஃபிலிமில் ஒரு ஓரத்தில் மட்டும்தான் ஓட்டை. இரண்டு பக்கமும் பல் உள்ள பழைய ஊமைப்பட மெஷினில் அதைப் போட்டால் ஓரம் முழுக்கக் குத்திவிடும். 16 எம்எம் 1923இல் வந்த நாளிலிருந்தே எளிதில் தீப்பிடிக்காத ஃபிலிம். ஆனால் யாராவது 1950க்கு முந்திய 35 எம்எம் ரீலைக் கொண்டுவந்து கொடுத்தால் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகை ஃபிலிமாக இருக்கலாம், பற்றினால் அணைக்க முடியாது.

ஃபிலிம் மாட்டும்போது கேட்டுக்கு மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். ஃபிலிமின் ஓட்டைகளில் பல் மாட்டி அதை நகர்த்தும் பல்லுருளை நிற்காமல் சுற்றும், கொக்கியோ விட்டு விட்டு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஃபிலிம் கிழியாமல் இருப்பது அந்தத் தளர்வால்தான். படம் திடீரென்று நடுங்கினால் வளையம் போய்விட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். கீழ் வளையத்தின் அளவு சத்தத்துக்கும் முக்கியம். ஒரு படக்கட்டத்துக்குரிய சத்தம் அதற்கு 26 கட்டம் முன்னால் பதிவாகியிருக்கும். அளவு தப்பினால் வாயசைவு ஒட்டாது. மாட்டி முடித்ததும் மறுபடி குமிழைக் கையால் சுற்றி, ஃபிலிம் ஒழுங்காக நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் மோட்டார்.

ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். படம் முடிந்ததும் பல்பை அணைத்துவிட்டு, மெஷினுக்குள் இருக்கும் மின்விசிறியை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு லென்ஸிலும் ஃபிலிமிலும் பூஞ்சை பிடிக்கும். லென்ஸைக் கழற்றி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். மெஷினை மாதம் ஒருமுறை எடுத்து, குமிழைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஃபிலிம் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடவிட்டால் போதும், கிரீஸ் இறுகாது. நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறேன். சித்தப்பா வந்திருந்தால் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்பார்.