தோல்ல வர்ற லிம்போமாவுக்கு ரேடியேஷன்: கேளுங்க, சொல்றேன்

கேன்சருக்கு கதிர்வீச்சு குடுக்குற ரேடியேஷன் ஆன்காலஜில இருக்கேன். லிம்போமான்னா ஒரு வகை வெள்ளை அணுல வர்ற கேன்சர். ரிப்போர்ட் பாக்காம டோஸ் சொல்ல மாட்டேன், பொதுவா சொல்றேன்.

கேள்வி: அப்பாவுக்கு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்ங்கற தோல் லிம்போமா, வருஷக்கணக்கா எக்ஸிமான்னு க்ரீம் போட்டாங்க. இப்ப தொடைல கட்டி. ரெண்டே சிட்டிங் போதும்ங்கறாங்க, நம்பலாமா சார்?

பதில்: நம்பலாம்ங்க. லிம்போமா செல் ரேடியேஷனுக்கு சட்டுனு மடங்கிடும், மத்த கேன்சர் பலதுக்கு 60, 70 கிரே (கதிர்வீச்சு அளவு) போற எடத்துல இதுல ஒரு கட்டிக்கு ரெண்டு சிட்டிங்ல மொத்தம் 8 கிரேயே பெரும்பாலும் போதும். இந்த நோய் மறுபடி மறுபடி தலை தூக்குற ரகம், அதனால கம்மியா குடுத்து வச்சா பின்னாடி அதே எடத்துல மறுபடி குடுக்கவும் வழி இருக்கும். ஆனா உடம்புலயே ஒரே ஒரு எடத்துல மட்டும்தான்னா 20லருந்து 30 கிரே வரைக்கும் போவாங்க, அங்க முழுசா குணமாக்கப் பாக்குறாங்க.

கேள்வி: எனக்கும் அதே நோய்தான், உடம்பு முழுக்க எலக்ட்ரான் கதிர் குடுக்கணுமாம். உள்ளுறுப்பெல்லாம் என்னாகும்?

பதில்: பயப்படாதீங்க, இதுக்குன்னு எடுக்குற எலக்ட்ரான் தோலத் தாண்டி ரொம்ப ஆழம் போகாது. மெஷின்லருந்து சில மீட்டர் தள்ளி நிக்க வச்சு, கை தூக்கி, கால் மாத்தி, முன்னாடி பின்னாடி சைடுன்னு ஆறு போஸ்ல குடுப்பாங்க, வழக்கமா ஒரு நாளைக்கு மூணு போஸ். நிக்கறதுதான் உண்மையான கஷ்டம், முட்டி வலி இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க. உள்ளங்கால், உச்சந்தலை, தொடையிடுக்கு, மார்புக்கு அடியில எல்லாம் சரியா படாது, அங்க தனியா கொஞ்சம் சேத்து குடுப்பாங்க. கண்ணுக்கு ஷீல்டு உண்டு.

கேள்வி: உடம்பு முழுக்க குடுத்தா முடி, நகம் போயிடுமா?

பதில்: பழைய முறைல 30, 36 கிரே, எட்டு பத்து வாரம் இழுக்கும், முடி கொட்டும், நகம் கழண்டு வரும், வியர்வையும் கொறையும், பெரும்பாலும் திரும்ப வந்துடும். இப்ப நெறைய பேருக்கு 12 கிரேதான், ரெண்டு மூணு வாரத்துல முடியும், தொந்தரவு கம்மி, திரும்பவும் குடுக்கலாம். பலன் நிக்கற காலம் மட்டும் கொஞ்சம் கொறைவு. அரிப்பால தூங்காதவங்களுக்கு நான் இதத்தான் விரும்புவேன்.

கேள்வி: அக்காவுக்கு நெத்தில பி செல் லிம்போமா, ஃபாலிக்கிள் சென்டர் வகை. கீமோவே வேணாம்னுட்டாங்க, அலட்சியமா?

பதில்: இல்லம்மா, ஸ்கேன்ல உள்ள எங்கயும் இல்லன்னா அதான் சரி. 24லருந்து 30 கிரேல அனேகமா எல்லாருக்கும் கரைஞ்சிடும். அப்புறம் தோல்லயே வேற எடத்துல வந்தாலும் நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அங்கயும் குடுக்கலாம், சும்மா அடக்கி வைக்க 4 கிரேயே பல பேருக்கு போதுது. தோல்ல வர்ற பி செல் லிம்போமால லெக் டைப்னு ஒண்ணு இருக்கு, அது மட்டும் முரட்டு ரகம், கீமோவும் சேரணும்.

கேள்வி: ட்ரீட்மென்ட் முடிச்சு வந்து கைக்குழந்தைய தூக்கலாமா?

பதில்: தாராளமா தூக்குங்க. மெஷின ஆஃப் பண்ணதும் உடம்புல கதிர்வீச்சு எதுவும் தங்காது.