எவ்வளவு உடற்பயிற்சி போதும்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் செய்தால் போதும் அண்ணா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இரண்டையும் கலந்தும் செய்யலாம். கூடவே தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, வாரத்தில் 2 நாளாவது. ஆனால் முதல் வாரமே 150ஐத் தொட வேண்டாம். இத்தனை நாள் உட்கார்ந்தே இருந்த உடம்புக்கு 10 நிமிட நடையே வேலைதான், அதுவும் கணக்கில் சேரும்.

கேள்வி: மிதம், கடுமை என்று எதை வைத்துச் சொல்வது? என்னிடம் வாட்ச் கிடையாது.

பதில்: வாட்ச் வேண்டாம், பேசிப் பாருங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச வருகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமை. ஒரே மாடிப்படி உங்களுக்கு மிதமாகவும் கூட வருபவருக்குக் கடுமையாகவும் இருக்கலாம், அதனால் அடுத்தவர் வேகத்தைப் பார்த்து நடக்காதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாட்ச் காட்டும் எண்ணை நம்ப முடியாது, அவர்களுக்கும் இதுதான் சரி.

கேள்வி: தினமும் 10,000 அடி நடக்க முடியவில்லை. 6,000தான் வருகிறது. வீணா?

பதில்: வீணே இல்லை. அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவர்கள் வகுத்த எல்லை அல்ல. 6,000 நல்ல நடை.

கேள்வி: முதல் நாள் ஜிம்மில் 100 ஸ்குவாட் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவது) போட்டேன். இரண்டு நாளாகப் படி இறங்கவே முடியவில்லை. தொடரலாமா?

பதில்: இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனத்து, தொட்டால் வலித்து, நடக்க நடக்கக் கொஞ்சம் இளகுகிறது என்றால் பழகாத தசையின் வலி. ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், அதுவரை மெதுவாக நடங்கள். ஒரு முட்டி மட்டும் சுருக்கென்று குத்துகிறதா, வீங்குகிறதா? அது வேறு, நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான் பயிற்சி கொடுக்கும்போது முதல் நாள் எண்ணிக்கையை முடிவு செய்வது ஒரே கேள்விதான்: நாளைக்கும் இதைச் செய்ய முடியுமா? 100 வேண்டாம், 15 போதும். அடுத்த வாரம் 20, உடம்பு தாங்கினால் அப்புறம் 25.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

பதில்: நடை நல்லது, ஆனால் விழாமல் காப்பாற்ற அது மட்டும் போதாது. 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் வலுவும் சேர்ந்து வாரத்தில் 3 நாள் வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். பாதியில் கை தானாகக் கைப்பிடியைத் தேடினால் தொடையில் பலம் குறைவு என்று அர்த்தம். அந்த எழுந்து உட்காருவதையே பயிற்சியாக்குங்கள், முதலில் 5 முறை. பிறகு ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் 10 விநாடி. நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி: தினமும் 2 மணி நேரம் ஜிம்மில் இருக்கிறேன். ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை, போன மாதம் தூக்கிய எடையே இப்போது கனக்கிறது. இன்னும் கூட்டவா?

பதில்: கூட்டாதீர்கள் தம்பி, குறையுங்கள். தசை வளர்வது ஓய்வில், அந்த ஓய்வைத்தான் நீங்கள் கொடுக்கவில்லை. ஒரு வாரம் பாதியாக்கி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட நாலைந்து நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் மீளவில்லை. இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் சோர்வு போகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரிதான் ஆளைத் தள்ளும்.