ரோலர் கம்பு, வைப்பர், எட்டாத ஜன்னல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போகி நெருங்கினால் ஒட்டடை, கொசுவலை, கண்ணாடி பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஜன்னல் துடைக்கும் தொழில்காரர்களின் கம்பு கட்டுபடியாகவில்லை, பெயிண்ட் கடையில் கிடைக்கும் இழுத்து நீட்டும் கம்பை வைத்து ஒப்பேற்ற முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் எல்லோரும் கம்பின் நீளத்தைத்தான் பார்த்து வாங்குகிறார்கள். வைப்பரும் கம்பும் சேருகிற அந்த நாலு அங்குலத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. வேலை கெடுவது அங்கேதான்.

பெயிண்டர் விட்டுப்போன ரோலர் கம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் முனையில் மரை இருக்கிறது. கண்ணாடி வைப்பரின் கைப்பிடியோ உள்ளே வெறும் குழாய்போல் இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? செல்லோ டேப் சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. (வாசகி, மடிப்பாக்கம்)

நிற்காது. சோப்புத் தண்ணீர் பட்டதும் எந்த டேப்பும் வழுக்கும், கம்பில் பிசினைத்தான் மிச்சம் வைக்கும்.

தொழில்முறைக் கம்பின் முனையில் மரை இருக்காது, கூம்பு இருக்கும். வைப்பர் கைப்பிடியின் ஓட்டையும் உள்ளே போகப்போகக் குறுகும். அழுத்திச் செருகினால் ஆப்புப்போல இறுகிக்கொள்ளும். உங்களுக்குத் தேவை அந்தக் கூம்பு மட்டும்தான். அதை உள்ளூர் கடைசல் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

கம்பின் நுனியில் உள்ள மரை மூடி பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவிலோ ரிவெட்டிலோதான் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு, கம்பையும் வைப்பரையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு சாண் நீளத்துக்கு நல்ல கெட்டி மரத்துண்டு போதும். கீழ்ப்பாதி கம்புக்குள் இறுக்கமாக இறங்க வேண்டும், மேல்பாதி கைப்பிடிக்குள் போகும்படி சரிவாகக் கடைய வேண்டும். சரியான கடைசலுக்கு ஒரு அடையாளம் உண்டு: கைப்பிடியை மாட்டும்போது முக்கால் பங்கு இறங்கியதும் இறுகி நிற்கும். அடிவரை போய் முட்டினால் கூம்பு மெலிந்துவிட்டது, வேறு கடையச் சொல்லுங்கள். கம்புக்குள் இறங்கும் பாதியை, முதலில் சின்னத் துளை போட்டுப் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவால் பிடித்துவிடுங்கள். துளை போடாமல் ஏற்றினால் மரம் பிளக்கும். ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ இரண்டு பூச்சு பூசுவது நல்லது. பூச்சில்லாத மரம் தண்ணீர் குடித்து உப்பினால் பிளாஸ்டிக் கைப்பிடி வெடித்துவிடும்.

பட்டறைக்கு அலைய முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. வீணாய்ப்போன பழைய ரோலர் ஒன்றை எடுத்து, உருளை மாட்டும் வளைந்த கம்பியை ஒரு சாண் விட்டு அறுத்துவிடுங்கள். கைப்பிடி ஏற்கெனவே கம்பில் மாட்டுகிற வகைதான். மிச்சமிருக்கும் கம்பியை நிமிர்த்தி, வைப்பர் கைப்பிடியை ஒட்டிவைத்து, நடுவே சைக்கிள் டியூப் துண்டு கொடுத்து, இரண்டு ஹோஸ் கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கம்பியைக் கொஞ்சம் வளைத்துக் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம், அந்த வசதி மரக் கூம்பில் இல்லை.

எந்த வழியானாலும் வைப்பரையும் கம்பையும் சேர்த்து ஒரு நைலான் கயிறு கட்டுங்கள். மேலே கழன்றால் அது தொங்கட்டும், கீழே போகிறவர் தலையில் விழ வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கிய வைப்பரில் மரை இருந்தது, கம்பிலும் இருந்தது. ஆனாலும் ஏறவில்லையே? (வாசகர், திருப்பூர்)

எல்லா மரையும் ஒன்றல்ல. அமெரிக்க ரோலர் கம்புகளில் முக்கால் அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 5 சுற்று வரும் அக்மே மரை. மாப்பு, துடைப்பக் கம்புகளில் இத்தாலிய மரை என்று ஒன்று பரவலாக உண்டு. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் இரண்டும் கலந்துதான் தொங்கும். பொருளைக் கையில் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மூன்று சுற்று விரலாலேயே ஏற வேண்டும். பலவந்தமாக ஏற்றினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்து, அப்புறம் எதுவுமே அதில் நிற்காது.

திருகிப் பூட்டுகிற கம்பு, அழுத்தித் துடைத்தால் சர்ரென்று உள்ளே இறங்கிவிடுகிறது. எண்ணெய் விடலாமா? (வாசகர், ஆவடி)

எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்குழாயின் அடியில் மையம் விலகிய ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கும். நீங்கள் திருகும்போது அது ஒரு பக்கமாகத் தள்ளி, வெளிக்குழாயின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கிறது. பிடிப்பே உராய்வில்தான் நிற்கிறது, எண்ணெய் அதைக் கொன்றுவிடும்.

குழாயை முழுக்க வெளியே இழுத்துவிடுங்கள். அந்த உருளையில் சுண்ணாம்புத் தூளும் பெயிண்டும் அப்பியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். நீளக் குச்சியில் துணி சுற்றி வெளிக்குழாயின் உட்புறத்தையும் துடைத்துவிடுங்கள். இதிலேயே பாதிக் கம்புகள் உயிர்பெறும். உருளை தேய்ந்தே போயிருந்தால், உங்களுக்கு வேண்டிய நீளத்தில் நிறுத்தி இரண்டு குழாய்க்கும் சேர்த்து ஒரு துளை போட்டு, போல்ட்டும் சிறகு நட்டும் மாட்டிவிடுங்கள். ஒரே நீளத்தில்தான் நிற்கும், ஆனால் இறங்காது. புதிதாக வாங்குவதானால் திருகுப் பூட்டை விட, வெளியே நெம்பு வைத்த பூட்டே என் சாய்வு. ஈரக் கையோடும் பூட்டலாம்.

பிளம்பிங் பிவிசி பைப் சல்லிசாகக் கிடைக்கிறதே, அல்லது மூங்கில்? (கல்லூரி மாணவர், மதுரை)

பிவிசி ஆறடிக்கு மேல் தூண்டில்போல ஆடும். காரணம் எளிது: நுனியில் அதே எடை இருக்க, கம்பின் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். வளைகிற கம்பில் வைப்பரின் ரப்பர் கண்ணாடியில் ஒரே அழுத்தத்தில் உட்காராது, பட்டை பட்டையாகத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் 18 அடிக் கம்பு வாங்குகிறவர்களிடம் சொல்வது, 12 அடி போதுமென்றால் 12-ஓடு நில்லுங்கள். சுவர்த் தடிமனை விடக் குழாயின் விட்டம்தான் விறைப்பை அதிகம் தரும், இரண்டு கம்பில் பருமனானதை எடுங்கள்.

மூங்கில் விறைப்பானது, தொரட்டிக்கு அதைவிட நல்லது இல்லை. கண்ணாடிக்கும் ஒரு மாடிவரை ஒத்துவரும். நுனியை நேராகச் சீவி மரக் கூம்பைச் செருகி, பிளக்காமல் இருக்கக் கணுவுக்குக் கீழே கம்பி சுற்றுங்கள்.

நீச்சல்குளம் சுத்தம் செய்யும் அலுமினியக் கம்பு யாரிடமாவது பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். ரோலர் கம்பை விடப் பருமன், துருப்பிடிக்காது, நுனியில் கிளிப்புக்கென்று துளையும் போட்டே வரும்.

எங்கள் குடியிருப்பில் கீழே கார் நிறுத்துமிடம், அதன் மேல் முதல் மாடி. தரையில் நின்று அந்த ஜன்னலைத் துடைக்க எத்தனை அடிக் கம்பு வேண்டும்? (வாசகர், பள்ளிக்கரணை)

கார் தளம் சுமார் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாடித் தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு வழக்கமாக ஏழு அடி, அதாவது 2.1 மீட்டர். மொத்தம் 5.1. கம்பின் அடிமுனை உங்கள் இடுப்பளவில், ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். கம்பு செங்குத்தாக நிற்காது, சாய்ந்துதான் நிற்கும். கணக்குப் போட்டால் பதினாலு அடியைத் தாண்டும். ஆகவே 16 அடி. இரண்டாம் மாடிக்கு இந்த வகைக் கம்பை நீட்டாதீர்கள், அது வேறு கருவி, வேறு ஆள் செய்ய வேண்டிய வேலை.

சன்ஷேடில் இறங்கி நின்றால் நாலடிக் கம்பு போதுமே என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் கிடையாது, இறங்காதீர்கள்.

கையால் துடைத்தால் பளிச்சென்று வருகிறது. கம்பில் மாட்டித் துடைத்தால் கோடு கோடாக இருக்கிறது. ரப்பர் சரியில்லையா? (வாசகி, கோயம்புத்தூர்)

ரப்பர் காரணமாக இருக்கலாம்தான். நகத்தால் ரப்பரின் விளிம்பை நீளவாக்கில் தடவிப் பாருங்கள், ஒரு இடத்தில் தட்டினால் அதே இடத்தில்தான் கோடு விழும். கழற்றித் திருப்பிப் போட்டால் மறுபக்க விளிம்பு புதிதாக இருக்கும்.

ஆனால் கம்பில் வருகிற கோட்டுக்கு வழக்கமான காரணம் கோணம். கையில் பிடிக்கும்போது மணிக்கட்டு தானாகச் சரிசெய்துகொள்ளும். கம்பில் அந்த மணிக்கட்டு இல்லை. நீங்கள் ஜன்னலுக்கு அடியிலேயே நின்றால் கம்பு சுவரோடு ஒட்டி, ரப்பர் படுத்துக்கொள்ளும். இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள். வளைத்து வளைத்து எஸ் போடும் வித்தையெல்லாம் கையெட்டும் கண்ணாடிக்கு. கம்பில் மேலிருந்து கீழே நேர் இழுப்பு மட்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் இரண்டு விரல் ஏற வேண்டும். வைப்பரின் உலர்ந்த பக்கத்து மூலை, ஏற்கெனவே துடைத்த பகுதியில் போக வேண்டும். 14 அங்குல வைப்பருக்கு மேல் போகாதீர்கள், அகலம் கூடினால் அழுத்தம் சிதறும்.

சோப்பு இன்னொரு வில்லன். ஒரு பக்கெட்டுக்குப் பாத்திரம் கழுவும் திரவம் அரை ஸ்பூன் தாராளம். நுரை பொங்கினால் அதிகம் என்று அர்த்தம். கண்ணாடியை நனைக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அந்த ரோலர் கம்பிலேயே புது ரோலர் உருளையை மாட்டி, முதலில் பஞ்சு உதிராத அளவுக்கு அலசிக்கொண்டு, பக்கெட்டில் முக்கி உருட்டுங்கள். சுவருக்குப் பெயிண்ட் அடித்த பழைய உருளை கூடாது.

போர் தண்ணீர்தான். துடைத்து முடித்துக் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள். (வாசகர், வேளச்சேரி)

உப்பு. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த திடப்பொருள், டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. பல போர்களின் தண்ணீர் இதற்கு நடுவிலோ மேலேயோதான் இருக்கும். கையெட்டும் இடத்தில் அதைத் துணியால் ஒற்றிவிடலாம், கம்பின் நுனியில் முடியாது. ஆகவே கம்பு வேலைக்குத் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துவையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. தூசி இருக்கும், துணியில் வடிகட்டுங்கள். மழைநீரும் சரி. பெரிய கட்டடங்களில் கார்பன் ஃபைபர் கம்பின் வழியே உப்பு நீக்கிய தண்ணீரை ஏற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, துடைக்காமலேயே காயவிடுகிறார்களே, அதன் சூட்சுமமும் இதுவே.

ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு வினிகரோ எலுமிச்சை உப்போ கலந்த தண்ணீர் போதும். ஒன்று கவனியுங்கள்: ஜன்னல் திண்டில் கடப்பா கல் பதித்திருந்தால் அது சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் சொட்டினால் மினுமினுப்பு போய்விடும். ஈரத்துணி விரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பால்கனிக்கு எதிரே மின்கம்பி போகிறது. ரப்பர் கைப்பிடி போட்ட அலுமினியக் கம்பு பாதுகாப்பா? (வாசகி, அம்பத்தூர்)

இல்லை. அந்த ரப்பர் வழுக்காமல் இருக்கப் போட்டது, மின்சாரத்தைத் தடுக்க அல்ல. மின் விதிகளின்படி 11,000 வோல்ட் வரையிலான கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியே 1.2 மீட்டர்தான், நாலடி. உங்கள் கையில் இருப்பது பன்னிரண்டடிக் கம்பு. துடைக்கும்போது பார்வை கண்ணாடியில் இருக்கும், கம்பின் பின்முனை எங்கே போகிறது என்று தெரியாது. அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த மூங்கிலும் கடத்தும். ஃபைபர் கிளாஸ்கூட ஈரமும் அழுக்கும் படிந்தால் நம்பத் தக்கதல்ல. கம்பி தெரிகிற பக்கத்து ஜன்னலுக்குக் கம்பே வேண்டாம். உள்ளிருந்து கை எட்டும்வரை துடையுங்கள், மீதி அழுக்காகவே இருக்கட்டும்.

கிரில் போட்ட பழைய மர ஜன்னல், கதவு வெளிப்பக்கம் திறக்கும். வெளிக் கண்ணாடியை எப்படித் துடைப்பது? (வாசகர், கும்பகோணம்)

இதற்கு நீளக் கம்பு தேவையே இல்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று கதவுள்ள ஜன்னல் என்றால், நடுச்சட்டத்தில் கீல் உள்ள கதவைச் சுவருக்குச் செங்குத்தாக வெளியே திறந்து நிறுத்துங்கள். அதன் வெளிப்பக்கம் இப்போது பக்கத்து ஜன்னல் திறப்பைப் பார்த்து நிற்கும். பக்கத்துக் கதவையும் திறந்துவிட்டு, அந்தக் கிரில் வழியே ஆறு அங்குல வைப்பரை ஒன்றரை அடிக் குச்சியில் மாட்டி நீட்டினால் முழுக்க எட்டும். காற்றில் கதவு அடிக்காமல் கொக்கி போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறோம். வீட்டுப் பணிப்பெண்ணிடம் கம்பைக் கொடுத்து வெளிக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

2012 முதல் அங்கே விதி தெளிவாக இருக்கிறது. தரைத்தளமும் பொது நடைபாதையை ஒட்டிய ஜன்னலும் தவிர மற்றவற்றில், கிரில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருந்து மேற்பார்க்க வேண்டும். கம்பு இருக்கிறதே என்பதால் இந்த இரண்டும் தளராது. கிரில் இல்லையென்றால் அவரிடம் சொல்லவே கூடாது.

வேலை முடிந்ததும் கம்பை எப்படி வைப்பது? (அதே ஆவடி வாசகர்)

குழாய்களைத் தனித்தனியாக உருவி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, நிழலில் சாய்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு உள்ளே தள்ளி மூடினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, அடுத்த போகிக்கு இரண்டு குழாயும் ஒட்டிக்கொண்டிருக்கும். வைப்பரைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள், ரப்பர் எதன் மேலும் அழுந்தக் கூடாது.